வேர் ஏன் கீழே போகுது?

எங்கள் தோட்டப் பள்ளிக்கு முதல் மடிக்கணினி வந்தது 2003 ஜனவரியில். கூடவே ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகள். பேராக் மாநிலத்தில், செம்பனைக் காட்டுக்கு நடுவே, ஆறு வகுப்புக்கும் சேர்த்து எழுபது பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளி அது. பெட்டியைப் பிரிக்கும்போது பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். முதலாம் ஆண்டுக்குத்தான் இது என்று தலைமையாசிரியர் சொன்னதும் பெரிய பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. முதலாம் ஆண்டின் அறிவியலும் கணிதமும் என் பொறுப்பு.

மலேசியா முழுக்க அந்த ஆண்டுதான் ஆண்டு 1, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகிய மூன்று வகுப்புகளிலும் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். மகாதீர் பிரதமராக இருந்தபோது எடுத்த முடிவு. பி.பி.எஸ்.எம்.ஐ. என்பது அதன் மலாய்ச் சுருக்கம். தேசியப் பள்ளிகள் மலாயிலிருந்தும், சீனப் பள்ளிகள் மாண்டரினிலிருந்தும், நாங்கள் தமிழிலிருந்தும் ஒரே நாளில் கிளம்பினோம். உலகத்து அறிவியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்த இரண்டு பாடத்தையும் ஆங்கிலத்திலேயே படித்தால் பாடத்தோடு மொழியும் சேர்ந்து வந்துவிடும் என்றார்கள்.

ஆசிரியர் அறையில் பலருக்குக் கலக்கம். எனக்கு இல்லை. அப்படித்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது.

நான் 1958-இல் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்துவிட்டு 1971-இல் பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் படிவம் 1-க்குப் போகுமுன் மொழிக்காகவே ஓராண்டு உட்காரும் வகுப்பு அது. ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம். 1970-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய மாற்றம் 1976-இல்தான் படிவம் 1-ஐ எட்டியது. 1972-இல் படிவம் 1-இல் உட்கார்ந்த எனக்கு அறிவியல் ஆங்கிலத்திலேயே கிடைத்தது. எனக்குப் பின்னால் வந்த தங்கைக்கு அது மலாயில் கிடைத்தது.

புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க இலக்கணம் எழுதினேன். எழுதியதில் ஒரு வாக்கியம்கூட வாயில் நிற்கவில்லை. வாயில் நின்ற முதல் வாக்கியம் படிவம் 1-இன் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாயிற்று. முக்காலியை எடுத்து வைக்கலாம் என்று கையை நீட்டினேன். ஆசிரியை பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டோன்ட் டச். இட்ஸ் ஸ்டில் ஹாட்." 'ஹாட்' எனக்குத் தெரிந்த சொல். 'ஸ்டில்' தெரியாது. ஆனால் அடுப்பில் நெருப்பு இல்லை, முக்காலியிலிருந்து அனல் மட்டும் என் விரல் நுனிக்கு வந்துகொண்டிருந்தது. நெருப்பு போன பிறகும் சூடு போகவில்லை, அதைத்தான் அவர் ஒரே சொல்லில் சொல்கிறார் என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. அகராதி பார்க்காமல் நான் கற்ற முதல் ஆங்கிலச் சொல் அதுதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் 'ஸ்டில்' என்றால் 'இன்னும்' என்று சொன்னேன். அம்மா பால்வாளியைக் கழுவிக்கொண்டே தலையாட்டினார்.

அந்த நம்பிக்கையோடுதான் 2003-இல் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் போனேன்.

பதினான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் உள்ள தூரம் எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்தது. தமிழ்ப்பள்ளிக்கு வரும் ஏழு வயதுப் பிள்ளை முதல் நாளிலிருந்து மூன்று மொழியைச் சுமக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம். பின்னிரண்டுக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. மலாயை எழுதியபடியே வாசித்துவிடலாம். ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்துக்கு மலாயில் எப்போதும் 'ச்ச' ஒலிதான். ஆகவே நான் பலகையில் ஐஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியபோது வகுப்பே சேர்ந்து 'இச்சே' என்று வாசித்தது. முந்தின பாடவேளையில் மலாய் ஆசிரியை சொல்லிக்கொடுத்த விதிப்படி அவர்கள் வாசித்தது சரி. அந்த விதியை நான் இங்கே மறக்கச் சொன்னேன். அடுத்த பாடவேளையில் திரும்ப ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறுந்தட்டில் ஒரு பெண்குரல் அழகான ஆங்கிலத்தில் பாடம் சொல்லும். பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். படம் முடிந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டால், நிறங்களைச் சொல்வார்கள்.

நான் மடிக்கணினியை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டிலிருந்து தட்டும் குவளையும் கொண்டுவந்தேன். தட்டில் ஐஸ்கட்டியை வைத்து 'மெல்ட்' என்ற சொல்லைக் கொடுத்தேன். தண்ணீராக ஓடியதைத் தொட்டுப் பார்த்து 'மெல்ட், மெல்ட்' என்றார்கள். மனம் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் குவளைத் தண்ணீரில் சீனியைப் போட்டுக் கலக்கி, "வாட் ஹேப்பன்ட் டு தி ஷுகர்?" என்றேன். "ஷுகர் மெல்ட்!" என்றது வகுப்பு.

அன்று இரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் தன் வீட்டில் 'சீனி உருகுது' என்று சொன்னதில்லை. ஐஸ் உருகும், வெண்ணெய் உருகும், மெழுகுவர்த்தி உருகும். சீனி கரையும், உப்பு கரையும். உருகுவதற்குச் சூடு போதும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். அது அறிவியல். மூன்று வயதில், நான்கு வயதில், அடுப்படியில் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே அந்த அறிவியல் அவர்கள் வாயில் ஏறியிருந்தது. இரண்டு சொல்லோடு வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு நான் ஒரு சொல்லைக் கொடுத்து, இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் 'டிசால்வ்' என்ற சொல்லையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் முந்தின நாளே 'கரையுது, உருகுது' என்ற இரண்டையும் பலகையில் தமிழில் எழுதிவிட்டு அதன் பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

அந்தச் சட்டத்தால் நடந்த இன்னொன்றை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

பச்சைப்பயறு முளைக்க வைக்கும் பாடம். ஆளுக்கொரு மைலோ டின் மூடி, ஈரப் பஞ்சு, ஐந்து பயறு. மூன்றாம் நாள் தோலைப் பிளந்துகொண்டு வெள்ளை வேர் நீட்டியது. "தி ரூட் கோஸ் டவுன். தி ஷூட் கோஸ் அப்." எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைத்தேன். மறுநாள் காலை ஒரு பையன் தன் மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தான். அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

"டீச்சர், நேத்து நான் ஒரு பயற மட்டும் கவுத்து வெச்சேன். வேர் மேல பாத்துச்சு. இன்னிக்கு வந்து பாத்தா வளைஞ்சு கீழ போகுது. அதுக்கு எப்படி டீச்சர் கீழ எதுன்னு தெரியும்?"

"ஸ்பீக் இன் இங்கிலிஷ்" என்றேன்.

மூடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. "ரூட்…" என்றான். கொஞ்ச நேரம் நின்றான். "ரூட் கோஸ் டவுன்."

"குட்" என்றேன். போய் உட்கார்ந்தான்.

அவன் கேட்ட கேள்வி சாதாரணமானதில்லை. டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் அதே கேள்வியோடு பல சோதனைகள் செய்து, செடிகளின் அசைவைப் பற்றி 1880-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். நுனியை வெட்டிவிட்டால் வேர் வளரும், ஆனால் கீழ் எது என்று அதற்குத் தெரியாது என்று காட்டினார்கள். வேர் நுனியை மூடியிருக்கும் பகுதியில் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. வேரைச் சாய்த்தால் அவை சரிந்து புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படியும். அதைக் கொண்டுதான் வேர் திசை அறிகிறது. அந்தப் பையன் ஒரு பயறை மட்டும் கவிழ்த்து, மற்ற நான்கையும் அப்படியே விட்டு, ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஏழு வயதில் ஒருவன் செய்த சோதனை அது. அதற்கு நான் கொடுத்தது 'குட்'.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளி விடுமுறையில் ஒரு பயிலரங்குக்குப் போனேன். பாடத்தின் வழியாக மொழி கற்பிப்பது உலகத்தில் எங்கெங்கே வென்றது என்று பேசினார்கள். முதல் உதாரணம் கனடா. கியூபெக் மாநிலத்தில் மொன்ட்ரியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் 1965-இல் தங்கள் பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு வழியில் படிக்க வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்தார். பாடத்தில் பின்தங்கவில்லை. ஆங்கில வாசிப்பு முதலில் சற்றுத் தாமதித்தாலும் பிறகு எட்டிப் பிடித்தது. பிரெஞ்சும் வந்தது.

பேசியவர் அதோடு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் தேநீர் இடைவேளையில் அவரிடம் போய், அந்தப் பிள்ளைகள் முதல் வருஷம் வகுப்பில் எந்த மொழியில் கேள்வி கேட்டார்கள் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்கலாம், ஆசிரியைக்கு இரண்டு மொழியும் தெரியும், புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொல்வார் என்றார்.

கையிலிருந்த குவளையை வைத்துவிட்டேன். பிள்ளை தன் மொழியில் கேட்கிறது; ஆசிரியை புது மொழியில் பதில் சொல்கிறார். எனக்கும் இரண்டு மொழியும் தெரியும். அந்தப் பையன் தமிழில் கேட்டபோது நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கலாம். அவன் பயறை மறுபடி கவிழ்த்து "லுக், நவ் இட் இஸ் அப்சைட் டவுன்" என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அத்தனையும் புரிந்திருக்கும், எனக்கு 'ஸ்டில்' புரிந்ததைப் போல.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். லாம்பர்ட் ஒரு வேறுபாடு சொல்கிறார். ஒரு மொழியின் மேல் இன்னொன்று வந்து சேர்வது ஒன்று. ஒன்று வந்து மற்றதைக் கழித்துவிடுவது வேறொன்று. செயின்ட் லாம்பர்ட் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு எந்தக் குறையும் வராது. கடையில், தொலைக்காட்சியில், அப்பாவின் அலுவலகத்தில் அது நிமிர்ந்து நிற்கிற மொழி. எங்கள் பிள்ளைகளின் தமிழுக்குத் தோட்டத்து வரிசைவீடுகளான லயமும் பள்ளியும் கோயிலும்தான் இடம். அதில் பள்ளியிலிருந்து இரண்டு பாடத்தை எடுத்தால் மூன்றில் ஒன்று இளைத்துப்போகும். கனடாவிலேயே மெரில் ஸ்வெயின் 1985-இல் இன்னொன்றைக் காட்டினார். பல வருஷம் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் கேட்பதில் கெட்டி. பேச்சிலும் எழுத்திலும் பிழை மாறவில்லை. தானாக ஒரு வாக்கியத்தைக் கட்டிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற தேவை வகுப்பில் அவர்களுக்கு அதிகம் வரவில்லை என்றார். நான் கொடுத்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்ன என் வகுப்பை நினைத்துக்கொண்டேன்.

2003-இல் சேர்ந்தவர்கள் 2008-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். எழுதினார்கள். அறிவியல், கணித வினாத்தாள் இரு மொழியில் வந்தது. அந்தப் பையன் நன்றாகவே தேறினான். ஆனால் ஆறு வருஷத்தில் இன்னொரு முறை கையில் எதையும் ஏந்திக்கொண்டு அவன் என் மேசைக்கு வரவில்லை.

2009 ஜூலை 8-ஆம் தேதி, துணைப்பிரதமரும் கல்வியமைச்சருமான முகிதீன் யாசின் திட்டம் முடிகிறது என்று அறிவித்தார். 2012 முதல் படிப்படியாக அறிவியலும் கணிதமும் தேசியப் பள்ளிகளில் மலாய்க்கும், எங்களிடம் தமிழுக்கும் திரும்பும். ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும், இந்த முறையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த நேரத்தில் அது போகிறதே என்று இருந்தது.

அது போகவில்லை. சின்னப் பள்ளியில் ஓர் ஆசிரியைக்குப் பல பாடம். தமிழில் அறிவியலும் நானே எடுத்தேன், ஆங்கிலமும் நானே எடுத்தேன். செவ்வாய்க்கிழமை அறிவியலில் தமிழில் பயறு போட்டோம். கவிழ்த்து வைத்தோம். ஏன், எப்படி என்று தமிழில் சண்டை போட்டார்கள். வேருக்குக் கண் இருக்கு என்றான் ஒருவன். இல்லை, தண்ணி வாசம் தெரியும் என்றாள் ஒருத்தி. வியாழக்கிழமை ஆங்கிலப் பாடவேளை வந்ததும் அதே மூடிகளை மேசைமேல் வைத்தேன். "டெல் மீ" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தங்கள் வேரைப் பற்றி எனக்குச் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், ஐ டர்ன் இட். ஐ டர்ன் இட் டூ டைம்ஸ்" என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "டீச்சர், 'அப்பவும்'னா இங்கிலீஷ்ல என்ன?" என்றாள்.

"ஸ்டில்" என்றேன்.

"ஐ டர்ன் இட் டூ டைம்ஸ். ஸ்டில் இட் கோ டவுன்!"

இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. அன்று திருத்தவில்லை. அவள் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டாள். திருத்தத்துக்கு அடுத்த வாரம் இருக்கிறது.

2016-இல் இரண்டு செய்தி ஒரே வருஷத்தில் வந்தது. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு நிறைவு என்று விழா. டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம் என்று இன்னொன்று. பெற்றோர் சம்மதித்தால் விரும்பும் பள்ளி அறிவியலையும் கணிதத்தையும் மறுபடி ஆங்கிலத்தில் நடத்தலாம். தமிழ்ப்பள்ளிகளுக்கு இது வேண்டாம் என்று கூட்டங்கள் நடந்தன. வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட பெற்றோரும் இருந்தார்கள். நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. தோட்டத்துப் பெற்றோர் என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க சொல்லுங்க, போடலாமா?" என்பார்கள். கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதல் மூன்று வருஷமாவது பிள்ளை தமிழில் கேள்வி கேட்கட்டும் என்றேன். அதற்கு மேல் ஆங்கிலம் வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னேன். சிலருக்கு முதல் பாதி பிடித்தது, சிலருக்கு இரண்டாம் பாதி.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் மகளோடு இருக்கிறேன். பேத்திக்கு எட்டு வயது. அவள் படிக்கும் தனியார் பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் ஆங்கிலம், கனவில்கூட ஆங்கிலம்தான் பேசுகிறாள். பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன். என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். "அம்மா, சனிக்கிழமையில அவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுங்களேன்" என்றாள். நானும் நோட்டுப் புத்தகம் வாங்கி 'அம்மா, ஆடு' என்று தொடங்கினேன். நாற்பது வருஷம் பாடம் எடுத்தவளுக்கு மூன்றாவது சனிக்கிழமைதான் புத்தி வந்தது. நோட்டை மூடிவிட்டு அவளை அடுப்படிக்குக் கூட்டிப் போனேன். நெய் உருகுது. உப்பு கரையுது. பால் பொங்குது. ஒரு மாதத்தில் 'பாட்டி, பொங்குது!' என்று அவள் கத்தும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே பார்ப்பார். 'கரையுது' என்பதற்கும் 'உருகுது' என்பதற்கும் இடையில் அவள் ஒருமுறையும் தடுமாறவில்லை.

போன வாரம் பயறு போட்டோம். மைலோ டின் மூடிதான். மூன்றாம் நாள் மூக்கு பஞ்சில் படும்படி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பாட்டி, ஹவ் டஸ் இட் நோ விச் வே இஸ் டவுன்?"

'தமிழ்ல கேளு' என்பது என் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். மேசைமேல் விரலை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தேன். பிறகு, "அதுக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்விடா. வா, ஒன்ன மட்டும் கவுத்து வெச்சுப் பாப்போம்" என்றேன்.

தன் விரலாலேயே கவிழ்த்தாள். வேர் மேலே பார்த்தது. மறுநாள் காலை பல் விளக்காமல் ஓடிவந்து பார்த்துவிட்டு, என் கட்டிலுக்கு வந்து போர்வையை இழுத்தாள்.

"பாட்டி, வளைஞ்சிடுச்சு! ஐ டர்ன்ட் இட் அண்ட்…" நிறுத்தினாள். "நான் கவுத்தேன். ஸ்டில் கீழ போகுது. பாட்டி, வாட்ஸ் ஸ்டில் இன் தமிழ்?"

"அப்பவும்."

"நான் கவுத்தேன். அப்பவும் கீழ போகுது."

சொல்லிக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பி ஓடினாள். இன்னும் நான்கு பயறு கவிழ்க்காமல் இருந்தது.